அறிகுறிகளைக் குழுவாக்கும் கணக்கு: கொத்துகளும் வலைப்பின்னல்களும்

ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று முடிவுசெய்ய, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம். ஒன்பது அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் குறைந்தது ஐந்து, இரண்டு வார காலத்திற்கு நீடித்திருக்க வேண்டும். மனம் வாடிக் கிடத்தல், எதிலும் நாட்டமின்மை ஆகிய இரண்டில் ஒன்றேனும் அந்த ஐந்தில் இடம்பெற வேண்டும். இந்த விதிக்குப் பொருந்தும் சேர்க்கைகள் எத்தனை என்று எவரும் தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒன்பதில் ஐந்தையோ அதற்கு மேலோ தேர்ந்தெடுக்க 256 வழிகள் உள்ளன, அவற்றுள் முக்கிய அறிகுறிகள் இரண்டுமே இல்லாதவை 29, எஞ்சுபவை 227. அதாவது, ஒரே நோய்ப்பெயர் எழுதப்பட்ட இரண்டு மருத்துவச் சீட்டுகளுக்கிடையில் ஒரே ஓர் அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கக்கூடும். இது வெறும் கணித விளையாட்டும் அன்று. எய்க்கோ ஃப்ரீட், ராண்டால்ஃப் நெஸ்ஸி ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 3,703 பேரின் அறிகுறிகளைச் சற்று நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தபோது 1,030 வெவ்வேறு சேர்க்கைகள் வெளிப்பட்டன. மிகப் பரவலாகக் காணப்பட்ட சேர்க்கைகூட 1.8 விழுக்காட்டினருக்கே இருந்தது.

இப்படி ஒரே பெயருக்குள் பலவகை மனிதர்கள் அடைபட்டுக் கிடக்கும்போது, அவர்களை இன்னும் பொருத்தமான சிறு குழுக்களாகப் பிரிக்க முடியுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. கணினித் துறையினர் கிளஸ்டரிங் என்று அழைக்கும் கொத்தாக்கமும், வலைப்பின்னல் பகுப்பாய்வும் இந்தக் கேள்விக்குப் பயன்படும் இரண்டு கருவிகள். இரண்டுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு: எந்தத் தரவைக் கொடுத்தாலும் இவை வெறுங்கையோடு திரும்புவதில்லை, ஏதேனும் சில குழுக்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். அந்தக் குழுக்கள் நோயின் இயல்பிலிருந்து வந்தவையா, நாம் கேள்வி கேட்ட விதத்திலிருந்து வந்தவையா என்று பிரித்தறிவதுதான் இத்துறையில் கடினமான பகுதி. கருவியை இயக்குவதற்குச் சில நொடிகள் போதும்.

அறிகுறிகளைக் கொண்டு நோய்களை வகைப்படுத்தும் ஆசை பழையது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம், தாவரவியலார் செடிகளை இனம் பிரிப்பதுபோல நோய்களையும் பிரிக்க வேண்டும் என்றார். அந்த வழியில் சென்ற பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா புவாசியே த சோவாஜ், 1763இல் ஏறத்தாழ 2,400 நோயினங்களைப் பத்து வகுப்புகளுக்குள் அடுக்கினார். அந்த மாபெரும் அடுக்கு நிலைக்கவில்லை. ராபர்ட் காக் 1882இல் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது, நுரையீரலை அரிக்கும் எலும்புருக்கி, கழுத்தில் நிணநீர்க் கட்டியாகத் தோன்றும் கண்டமாலை, முதுகெலும்பை வளைக்கும் நோய் எனத் தனித்தனியே கருதப்பட்ட பலவும் ஒரே கிருமியின் வேலை என்பது புலப்படத் தொடங்கியது. காரணம் தெரிந்த இடத்தில் அறிகுறிகளின் ஒற்றுமைக்கு வகைப்படுத்தும் உரிமை பறிபோய்விடுகிறது. ஆகவே அறிகுறிவழிக் குழுவாக்கம் இன்றும் தேவைப்படுவது, காரணம் ஒன்றாகக் கைக்கு அகப்படாத இடங்களில்தான்: மனநோய்கள், ஆஸ்துமா, நாள்பட்ட வலி, புற்றுநோய்ச் சிகிச்சையின்போது சேர்ந்து வரும் தொல்லைகள், கோவிட் தொற்றுக்குப் பின் நீடிக்கும் உபாதைகள் போன்றவை.

எல்லாப் பகுப்பாய்வும் ஓர் அட்டவணையில் தொடங்குகிறது. ஒவ்வொரு வரிசையும் ஒரு நோயாளி. ஒவ்வொரு நெடுவரிசையும் ஓர் அறிகுறி. கட்டத்திற்குள் உண்டு, இல்லை என்பதற்கு 1, 0 என்றோ, கடுமையைக் குறிக்கும் ஓர் எண்ணோ இருக்கும். இந்த அட்டவணையைப் பார்த்து இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்கலாம். எந்த நோயாளிகள் ஒருவரையொருவர் ஒத்திருக்கிறார்கள் என்பது ஒன்று. எந்த அறிகுறிகள் சேர்ந்து வருகின்றன என்பது மற்றொன்று. முதலாவது மனிதர்களைப் பிரிக்கிறது, இரண்டாவது அறிகுறிகளைப் பிரிக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் கட்டுரைகளை அடிக்கடி காண முடிகிறது. வலியும் களைப்பும் தூக்கமின்மையும் சேர்ந்து வருகின்றன என்று கண்டால், அம்மூன்றும் உடையவர்கள் ஒரு தனிக்கூட்டம் என்று பொருளாகாது. அந்த மூன்றும் எல்லாரிடத்திலும் ஏறி இறங்கும்போது ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன என்று மட்டுமே பொருள்.

அடுத்து ஒற்றுமையை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். முடிவைப் பெரிதும் தீர்மானிக்கும் இந்தத் தேர்வு, ஆய்வுக் கட்டுரைகளில் ஒரே வரியில் கடந்துபோய்விடுகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பத்து அறிகுறிகள் கொண்ட ஒரு பட்டியலில், முதல் நோயாளிக்குக் காய்ச்சல், இருமல், களைப்பு, தலைவலி, தொண்டைவலி ஆகிய ஐந்து உள்ளன. இரண்டாமவருக்குக் காய்ச்சல், இருமல், களைப்பு, மூச்சுத்திணறல், வாசனை தெரியாமை ஆகிய ஐந்து. மூன்றாமவருக்குத் தோல் தடிப்பு ஒன்றுதான். நான்காமவருக்குக் காதில் இரைச்சல் ஒன்றுதான். எத்தனை கட்டங்கள் ஒத்துப்போகின்றன என்று எண்ணினால், முதல் இருவருக்கும் பத்தில் ஆறு. மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் பத்தில் எட்டு. பொதுவாக ஓர் அறிகுறிகூட இல்லாத இருவர் மிக நெருங்கியவர்களாகிவிடுகிறார்கள், ஏனெனில் இருவருக்கும் இல்லாதவை மிகுதி. இல்லாமையைக் கணக்கில் சேர்க்காமல், இருவருள் எவரேனும் ஒருவருக்கு உள்ள அறிகுறிகளில் எத்தனை இருவருக்கும் பொது என்று மட்டும் பார்க்கும் ஜக்கார்டு அளவைப் பயன்படுத்தினால் நிலைமை தலைகீழாகிறது: முதல் இருவருக்கு ஏழில் மூன்று, அதாவது 0.43, பின்னவர் இருவருக்கும் சுழியம். நோயாளிகளும் மாறவில்லை, தரவும் மாறவில்லை. அளவுகோல் மட்டுமே மாறியது. அறிகுறி இல்லாமைக்கும் மருத்துவப் பொருள் உண்டா என்பது கணினி தீர்க்கக்கூடிய வினா அன்று. காய்ச்சல் இல்லை என்பது சில நோய்களில் முக்கியமான செய்தி. காதில் இரைச்சல் இல்லை என்பது பெரும்பாலான நோய்களில் செய்தியே இல்லை.

அளவுகோல் முடிவான பிறகு, குழுவாக்கும் முறைகள் ஒப்பீட்டளவில் எளியவை. கே-மீன்ஸ் எனப்படும் முறை, நாம் சொல்லும் எண்ணிக்கையில் மையங்களை வைத்து, ஒவ்வொரு நோயாளியையும் மிக அருகிலுள்ள மையத்தில் சேர்த்து, சேர்ந்தவர்களின் சராசரிக்கு மையத்தை நகர்த்தி, நகர்வு நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்கிறது. படிநிலைக் கொத்தாக்கம், மிக நெருங்கிய இருவரை முதலில் இணைத்து, பிறகு இணைகளை இணைத்து, கடைசியில் எல்லாரும் ஒரே கிளைமரத்தில் தொங்கும்வரை தொடர்கிறது. மரத்தை எந்த உயரத்தில் வெட்டுகிறோமோ அதற்கேற்பக் குழுக்கள் கிடைக்கும். மறைந்திருக்கும் வகுப்புகளைத் தேடும் புள்ளியியல் முறையோ, ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகுப்பைச் சேர்ந்திருக்கும் நிகழ்தகவைத் தருகிறது. மருத்துவத்திற்கு இது கூடுதல் நேர்மையானது. எல்லைக்கோட்டில் நிற்பவர்களை ஒருபக்கமாகத் தள்ளிவிடாமல், இவர் இங்கே 55, அங்கே 45 விழுக்காடு என்று சொல்லிவிடும்.

எத்தனை குழுக்கள் என்பதே தீராத தலைவலி. இதற்கென ஒன்றிரண்டு சோதனைகள் உண்டு. பீட்டர் ரூசோ 1987இல் முன்வைத்த சில்லவெட் அளவு, ஒருவர் தம் குழுவினருக்கு எவ்வளவு அருகிலும் அடுத்த குழுவினருக்கு எவ்வளவு தொலைவிலும் இருக்கிறார் என்று பார்க்கிறது. தரவின் ஒரு பகுதியை நீக்கிவிட்டுத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, அதே மனிதர்கள் அதே குழுவில் விழுகிறார்களா என்று பார்ப்பது மற்றொரு வழி. இவற்றையெல்லாம் கடந்தும் ஒரு பொறி காத்திருக்கிறது. அறிகுறிகள் அனைத்தும் நோயின் கடுமையோடு சேர்ந்து ஏறுபவையாக இருந்தால், கிடைக்கும் மூன்று குழுக்கள் லேசானவர்கள், நடுத்தரமானவர்கள், கடுமையானவர்கள் என்று அமைந்துவிடும். ஒரு நீண்ட சரிவைக் கணினி மூன்று படிகளாக வெட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அத்தகைய முடிவை மூன்று புதிய நோய்வகைகளின் கண்டுபிடிப்பாக அறிவிப்பது, உயரத்தின்படி மாணவர்களை வரிசையாக நிறுத்திவிட்டு மூன்று இனத்தாரைக் கண்டேன் என்று சொல்வதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு குழுவின் அறிகுறி அளவுகளையும் ஒரு கோடாக வரைந்து, அக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றனவா, அல்லது மேலும் கீழுமாக ஒரே போக்கில் ஓடுகின்றனவா என்று படத்தைப் பார்த்தாலே இது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வலைப்பின்னல் பகுப்பாய்வு வேறொரு சிந்தனையிலிருந்து கிளம்புகிறது. அறிகுறிகள் ஏன் சேர்ந்து வருகின்றன? சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904இல் அறிவுத்திறன் பற்றி முன்வைத்த மரபின்படி, பின்னால் மறைந்திருக்கும் ஒற்றைக் காரணி முன்னால் தெரியும் எல்லாவற்றையும் இயக்குகிறது. நுரையீரல் கட்டி இருமலையும் இரத்தம் கலந்த சளியையும் உண்டாக்குவதுபோல, மனச்சோர்வு என்ற ஒன்று உள்ளே இருந்து தூக்கமின்மையையும் களைப்பையும் உண்டாக்குகிறது என்பது அந்தப் பார்வை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் டென்னி போர்ஸ்பூம், ஆங்கேலிக் கிராமர் முதலியோர் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு மாற்றான கருத்தொன்றை வலியுறுத்தினர். தூக்கம் கெட்டால் உடல் களைக்கும். களைத்தால் கவனம் சிதறும். கவனம் சிதறினால் வேலையில் தவறு நேரும். தவறு நேர்ந்தால் குற்றவுணர்வு வரும். குற்றவுணர்வு மீண்டும் தூக்கத்தைக் கெடுக்கும். இந்தச் சுழலுக்குப் பின்னால் தனியே ஒரு நோய் ஒளிந்திருக்க வேண்டியதில்லை. சுழலே நோயாக இருக்கலாம். இக்கருத்தை ஏற்றால், அறிகுறிகள் கணுக்களாகவும் அவற்றுக்கிடையேயான தாக்கங்கள் இணைப்புகளாகவும் ஒரு வலை வரைய வேண்டியிருக்கிறது.

இணைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு அறிகுறிகள் எந்த அளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் ஒட்டுறவை மட்டும் பார்த்தால் எல்லாமே எல்லாவற்றோடும் இணைந்து, வலை கருத்த பந்தாகிவிடும். ஆகவே மற்ற அறிகுறிகளின் தாக்கத்தை நீக்கிய பிறகும் எஞ்சும் பகுதி ஒட்டுறவையே பெரும்பாலும் வரைகிறார்கள். தூக்கமின்மைக்கும் களைப்புக்கும் ஒட்டுறவு 0.6, களைப்புக்கும் கவனச்சிதறலுக்கும் 0.6, தூக்கமின்மைக்கும் கவனச்சிதறலுக்கும் 0.36 என்று வைத்துக்கொள்வோம். 0.6ஐ 0.6ஆல் பெருக்கினால் சரியாக 0.36. அதாவது தூக்கமின்மைக்கும் கவனச்சிதறலுக்கும் தெரிந்த உறவு முழுவதும் களைப்பின் வழியாகவே சென்றிருக்கிறது, களைப்பைக் கணக்கில் கொண்டபின் அவ்விரண்டுக்கும் பகுதி ஒட்டுறவு சுழியமாகிறது, கோடு அழிந்துவிடுகிறது. மிஞ்சுவது ஒரு சங்கிலி. ஆனால் இந்தக் கோடுகளுக்கு அம்புக்குறி இல்லை. தூக்கம் களைப்பைத் தந்ததா, களைப்பு தூக்கத்தைக் கெடுத்ததா, பட்டியலில் இல்லாத மூன்றாவது ஒன்று இரண்டையும் தந்ததா என்று ஒரே நாளில் எடுத்த தரவைக் கொண்டு சொல்ல இயலாது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் தேவைப்படுவது அந்த அம்புக்குறிதான் என்பது இதிலுள்ள சங்கடம்.

வலை வரைந்தபின் அதற்குள் அடர்ந்த பகுதிகளைத் தேடலாம். 2008இல் வெளிவந்த லூவேன் முறை, தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியதைவிட உள்ளே அதிக இணைப்புகளும் வெளியே குறைந்த இணைப்புகளும் கொண்ட கூட்டங்களாகக் கணுக்களைப் பிரித்துத் தருகிறது. பதற்றத்தின் அறிகுறிகள் ஒரு கூட்டமாகவும் மனச்சோர்வின் அறிகுறிகள் மற்றொரு கூட்டமாகவும் அமைந்து, தூக்கமின்மை போன்ற சில இரண்டுக்கும் நடுவில் பாலமாக நிற்பது அடிக்கடி காணப்படும் காட்சி. இரண்டு நோய்கள் ஏன் சேர்ந்தே வருகின்றன என்பதற்கு அந்தப் பாலம் ஒரு விடையாகலாம் என்பது இம்முறையின் கவர்ச்சி. அதே வேளையில், அதிக இணைப்புகள் கொண்ட அறிகுறியைச் சரிசெய்தால் முழு வலையும் தளர்ந்துவிடும் என்று தொடக்ககால உற்சாகத்தில் சொல்லப்பட்டதை இப்போது பலரும் அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. கணுவின் மையத்தன்மை, அது பட்டியலில் எப்படிக் கேட்கப்பட்டது என்பதையும் சார்ந்தது. 1960இல் வெளிவந்து இன்றும் புழங்கும் ஹாமில்டன் மனச்சோர்வு அளவுகோலின் 17 கேள்விகளில் மூன்று தூக்கம் பற்றியவை: தூக்கம் வரத் தாமதம், நடுவில் விழிப்பு, அதிகாலை விழிப்பு. இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு கொத்தாக நிற்பதில் வியப்பில்லை. ஒரே கேள்வியைச் சற்றே மாற்றி மூன்று முறை கேட்டிருக்கிறோம். கேள்வித்தாளில் வலி பற்றி ஐந்து கேள்விகள் சேர்த்தால், வலி மறுநாளே நோயின் மையமாகிவிடும்.

வலைப்பின்னல் பற்றி இன்னொரு நுட்பத்தைச் சொல்லாமல் நகர முடியாது. பலரிடம் ஒரே முறை எடுத்த தரவில் தெரியும் உறவு, ஒரே மனிதருக்குள் நாளுக்கு நாள் நிகழும் உறவாக இருக்க வேண்டியதில்லை. பல தட்டச்சாளர்களை ஒப்பிட்டால், வேகமாகத் தட்டுபவர்கள் குறைவாகவே பிழை செய்வார்கள், பழக்கம் அப்படி. ஆனால் அவர்களுள் எவரேனும் தம் வழக்கத்தைவிட வேகமாகத் தட்டினால் பிழை கூடும். கூட்டத்தில் ஒரு திசையிலும் தனிமனிதரிடம் எதிர்த்திசையிலும் உறவு செல்லும் இந்த நிலை அறிகுறிகளுக்கும் பொருந்தும். இதனால்தான், ஒரே நபரிடம் நாளுக்குப் பல முறை கைப்பேசி வழியாகக் கேள்வி கேட்டு அவருக்கே உரிய வலையை வரையும் ஆய்வுகள் வந்தன. 2016இல் மரீகே விகர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு மருந்தைப் படிப்படியாகக் குறைத்த ஒருவர் 239 நாள்கள் இவ்வாறு பதிவுசெய்தார். நோய் திரும்புவதற்கு முன்பே அவருடைய மனநிலைகளுக்கிடையேயான பிணைப்பு இறுகியிருந்ததாக அவர்கள் கண்டனர். ஒரே மனிதர் என்பதால் அதிலிருந்து பொதுவிதி எதையும் எடுக்க முடியாது, ஆனாலும் கேள்வி கேட்க வேண்டிய இடம் எது என்று அது காட்டியது.

இதே கருவியை ஒரு நோய்க்குள் அன்றி நோய்களுக்கிடையிலும் வைத்துப் பார்க்கலாம். ஆல்பர்ட்-லாஸ்லோ பராபாசி உள்ளிட்டோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவ இதழ்க் கட்டுரைகளின் பொருள்குறிப்புகளிலிருந்து 322 அறிகுறிகளுக்கும் 4,219 நோய்களுக்கும் இடையேயான தொடர்புகளைத் திரட்டியது. காய்ச்சல்போல எங்கும் வரும் அறிகுறிக்குக் குறைந்த எடையும், அரிதாக வருவதற்கு மிகுந்த எடையும் கொடுத்து, அறிகுறிகள் ஒத்த நோய்களை இணைத்தபோது, அப்படி இணைந்த நோய்களுக்கு மரபணு மட்டத்திலும் பொதுவானவை கூடுதலாக இருந்தன. வெளியில் தெரியும் ஒற்றுமை உள்ளே ஏதோ ஒன்றைச் சுட்டுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. இருப்பினும் இங்கே அட்டவணையின் வரிசைகளில் இருப்பவர்கள் நோயாளிகள் அல்லர், கட்டுரைகள். மருத்துவர்கள் எதைப் பற்றி அதிகம் எழுதினார்களோ அதுவே தடித்த கோடாகத் தெரியும்.

யாருடைய தரவு என்ற கேள்வி மருத்துவமனைப் பதிவேடுகளில் இன்னும் கூர்மையாகிறது. ஜோசஃப் பெர்க்சன் 1946இல் காட்டிய ஒரு கணக்கு உண்டு; அதைச் சிறு எண்களில் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேரில் 200 பேருக்குத் தலைவலி, 100 பேருக்குத் தோல் அரிப்பு. இரண்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆகவே இரண்டும் உள்ளவர்கள் 20 பேர். ஏதேனும் ஒன்று மட்டும் உள்ளவர்களில் பத்தில் ஒருவரும், இரண்டும் உள்ளவர்களில் பாதிப்பேரும், இரண்டும் இல்லாதவர்களில் வேறு காரணத்துக்காகப் பத்தில் ஒருவரும் மருத்துவமனைக்குச் செல்கிறார்கள் என்று கொள்வோம். அங்கே போய்ச் சேர்வது தலைவலி மட்டும் உள்ளவர்கள் 18, அரிப்பு மட்டும் உள்ளவர்கள் 8, இரண்டும் உள்ளவர்கள் 10, இரண்டும் இல்லாதவர்கள் 72. இப்போது மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் வைத்திருக்கும் ஆய்வாளர் என்ன காண்பார்? தலைவலி உள்ள 28 பேரில் 10 பேருக்கு அரிப்பு, ஏறத்தாழ 36 விழுக்காடு. தலைவலி இல்லாத 80 பேரில் 8 பேருக்கு, 10 விழுக்காடு. ஊருக்குள் இல்லவே இல்லாத ஓர் உறவு, மருத்துவமனை வாசலைத் தாண்டும்போது பிறந்துவிடுகிறது. வலைப்பின்னலில் அது தடித்த கோடாக விழும். கொத்தாக்கத்தில் தலைவலி-அரிப்புக் குழு என்று ஒன்று முளைக்கும். எந்த நுட்பமான கணிப்புமுறையும் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது, ஏனெனில் பிழை அட்டவணைக்குள் இல்லை, அட்டவணைக்கு வெளியே நின்றவர்களிடம் இருக்கிறது.

கோவிட் காலம் இந்த முறைகளுக்குப் பெரும் பயிற்சிக்களமாக அமைந்தது. பிரிட்டனில் பொதுமக்கள் தம் அறிகுறிகளைக் கைப்பேசிச் செயலியில் நாள்தோறும் பதிவுசெய்தனர். 2020இல் வெளிவந்த முதல் ஆய்வில், தொற்று உறுதியானவர்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் வாசனையோ சுவையோ தெரியவில்லை என்றனர். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தவர்களில் அது ஏறத்தாழ 22 விழுக்காடு. அந்நாட்டு அரசு 2020 மே 18 அன்று இந்த அறிகுறியைத் தன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் சேர்த்தது. இங்கே எந்தக் கொத்தும் தேவைப்படவில்லை. ஒரே அறிகுறி போதுமானதாக இருந்தது. அதே செயலியின் தரவைக் கொண்டு, அறிகுறிகள் எந்த நாளில் தோன்றி எந்த நாளில் மறைந்தன என்ற காலவரிசையையும் சேர்த்து, 1,653 பேரை ஆறு குழுக்களாகப் பிரித்த ஆய்வு பின்னர் வந்தது. சுவாச உதவி தேவைப்பட்டவர்கள் முதல் குழுவில் 1.5 விழுக்காடு, ஆறாவது குழுவில் 19.8 விழுக்காடு. முதல் ஐந்து நாள் அறிகுறிகளைக் கொண்டே யாருக்கு நிலைமை முற்றும் என்று ஓரளவு முன்னறிய முடிந்தது என்பது பயனுள்ள செய்தி. எனினும் ஆறு குழுக்களும் பெருமளவு கடுமையின் ஏறுவரிசையில்தான் நின்றன என்பதையும், செயலியைப் பயன்படுத்தும் வசதியும் விருப்பமும் உடையவர்களே அதில் இருந்தனர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒரு குழுவாக்கம் உண்மையானதா என்பதற்கு முதல் சோதனை, வேறு மனிதர்களிடம் அது திரும்பக் கிடைக்கிறதா என்பது. 2017இல் மூளைப் படங்களையும் மனச்சோர்வு அறிகுறிகளையும் இணைத்து நான்கு உயிரியல் வகைகளைக் கண்டதாக ஓர் ஆய்வு பெரும் கவனத்தைப் பெற்றது. 2019இல் ரிச்சர்ட் டிங்கா குழுவினர் அதே வழிமுறையை வேறு நோயாளிகளிடம் பின்பற்றியபோது, அடிப்படையாக அமைந்த ஒட்டுறவுகள் முறையான சோதனையில் தேறவில்லை. குழுக்களே இல்லாத தரவிலும் அதையொத்த பிரிவுகள் கிடைக்கக்கூடும் என்றும் அவர்கள் காட்டினர். அறிகுறிகளோடு பொருந்தும் மூளை அம்சங்களை மட்டும் ஆயிரக்கணக்கானவற்றிலிருந்து பொறுக்கி எடுத்துவிட்டு, பிறகு அவை அறிகுறிகளோடு பொருந்துகின்றனவா என்று சோதித்தால் பொருந்தத்தானே செய்யும்?

திரும்பக் கிடைப்பது மட்டும் போதாது என்பதற்கு நீரிழிவு நோய் எடுத்துக்காட்டு. அறிகுறிகளைவிட ஆய்வகச் சோதனை எண்களையே மிகுதியும் சார்ந்தது என்றாலும், கேள்வி ஒன்றுதான். சுவீடனில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 8,980 பேரை வயது, உடற்பருமன், இரத்தச் சர்க்கரை அளவு முதலிய ஆறு மாறிகளைக் கொண்டு ஐந்து குழுக்களாகப் பிரித்து, எம்மா ஆல்க்விஸ்ட், லெய்ஃப் க்ரூப் உள்ளிட்டோர் 2018இல் வெளியிட்டனர். இன்சுலினுக்கு உடல் பணியாத குழுவினருக்குச் சிறுநீரகப் பாதிப்பும், இன்சுலின் சுரப்பு மிகக் குறைந்த குழுவினருக்கு விழித்திரைப் பாதிப்பும் கூடுதலாக இருந்தன. வேறு நாடுகளிலும் இதையொத்த குழுக்கள் கிடைத்தன. மறுஆண்டே ஜான் டென்னிஸ் குழுவினர் மற்றொரு கேள்வியை எழுப்பினர்: குழுவே வேண்டுமா? நோய் தொடங்கிய வயது, பாலினம், தொடக்கச் சிறுநீரகச் செயல்பாடு போன்ற எளிய எண்களை நேரடியாகப் பயன்படுத்தி முன்கணித்தால், குழுப்பெயரைக் கொண்டு முன்கணிப்பதற்கு ஈடாகவோ மேலாகவோ முடிவுகள் வந்தன. ஒரு மனிதரைப் பற்றிய ஆறு எண்களை ஒரே பெயராகச் சுருக்கும்போது செய்தியின் ஒரு பகுதி கசிந்துவிடுகிறது. குழுவின் நடுவில் நிற்பவருக்கும் ஓரத்தில் நிற்பவருக்கும் ஒரே பெயர் கிடைக்கிறது. இந்த வாதத்திற்கு நேரடியான மறுப்பை நான் இதுவரை படிக்கவில்லை.

அப்படியானால் குழுக்கள் எங்கே உதவுகின்றன? ஒரு பிரிவினருக்கு மட்டும் பலிக்கும் மருந்து இருக்கும் இடத்தில். ஆஸ்துமாவில் அப்படித்தான் நிகழ்ந்தது. இரத்தத்திலும் சளியிலும் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களைக் குறைக்கும் மெப்போலிசுமாப் என்ற மருந்து, 2007இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் 362 நோயாளிகளிடம் குறிப்பிடத்தக்க பயனைத் தரவில்லை. அணுக்கள் குறைந்தன, நோய் குறையவில்லை. 2008இல் பிரணாப் ஹல்தார், இயன் பவோர்ட் முதலியோர் ஆஸ்துமா நோயாளிகளைக் கொத்தாக்கம் செய்து பார்த்தபோது, மூச்சிரைப்பின் கடுமையும் ஈசினோஃபில் அழற்சியும் எல்லாரிடத்திலும் கைகோத்துச் செல்லவில்லை என்பது தெரிந்தது. அறிகுறிகள் மிகுந்து அழற்சி இல்லாத, பெரும்பாலும் உடற்பருமன் மிக்க பெண்களைக் கொண்ட ஒரு குழுவும், அறிகுறிகள் குறைந்து அழற்சி மிகுந்த மற்றொரு குழுவும் கிடைத்தன. கடுமையின் சரிவை வெட்டிய படிகள் அல்ல இவை. கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட இடம் இது. 2009இல் அதே மருந்தை ஈசினோஃபில் மிகுந்த 61 பேரிடம் மட்டும் சோதித்தபோது, போலி மருந்து பெற்றவர்களுக்குக் கடும் தாக்குதல்கள் ஆண்டுக்குச் சராசரியாக 3.4 வந்தன, இம்மருந்து பெற்றவர்களுக்கு 2.0 மட்டுமே. 2015இல் அம்மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

இன்று அந்த மருந்தைத் தருவதற்கு முன் மருத்துவர் எந்தக் கொத்தாக்கமும் செய்வதில்லை. கடும் தாக்குதல்கள் எத்தனை வந்தன என்று கேட்டுவிட்டு, ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார். ஒரு மைக்ரோலிட்டரில் ஈசினோஃபில் எண்ணிக்கை 150ஐயோ 300ஐயோ எட்டியிருக்கிறதா என்று சோதனைச் சீட்டில் பார்க்கிறார்.